ஃபிளாப்பிக்கு ஒரு கிரயப் பத்திரம்

பதினொரு வருஷம் கிரயப் பத்திரம் டைப் அடித்தவள் நான். வாய்வார்த்தையை நம்பிக் கிணற்றுப் பங்கை இழந்தவர்கள் எத்தனை பேர் என் மிஷின் முன்னால் அழுதிருக்கிறார்கள்! அதனால், செங்கம் ரோட்டில் சொந்தக் கடை போட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிய 1987-இல், தமிழ் அடிக்கும் புரோகிராம் விற்க வந்த சகாதேவனை எடுத்த எடுப்பிலேயே முறைத்தேன்.

அந்தப் புரோகிராமுக்கு ஒரு பூட்டு. கம்பெனி கொடுக்கும் ஃபிளாப்பியைச் செருகினால்தான் ஓடும். நாமே நகல் எடுத்தால் ஓடாது.

"ஃபிளாப்பி கெட்டுப்போச்சுன்னா?"

"ஒரு கார்டு போடுங்கம்மா, வேற அனுப்பிடுவோம். எங்க கம்பெனி என்னைக்கும் கைவிடாது."

"கம்பெனியையே வித்துட்டா?"

சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முத்திரைத்தாளை மிஷினில் ஏற்றி, எனக்குத் தெரிந்த பத்திர பாஷையில் அடித்தேன். பூட்டில்லாத நகல் ஒன்று தர வேண்டியது. அதை நான் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. கம்பெனியைப் பின்னிட்டு வாங்குகிறவர்களும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள். நாலு எல்லை எழுதாததுதான் குறை.

"நிலம் வாங்குற மாதிரி இருக்குதேம்மா!"

"உங்க மொதலாளி கையெழுத்து போட்டா வாங்கிக்கிறேன். இல்லாட்டி எடுத்துட்டுப் போங்க."

போட்டுவிட்டார், மகராசன். நகலும் வந்து சேர்ந்தது.

இரண்டே வருஷத்தில் கம்பெனி கைமாறியது. கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருக்கையில், கடை நிறைய நோட்டீஸ் வேலை கிடக்க, ஃபிளாப்பி பூஞ்சை பிடித்துப் படுத்துவிட்டது. டிரங்குப் பெட்டியிலிருந்த பூட்டில்லாத நகலைச் செருகினேன். திரையில் தமிழ் எழுத்து வந்ததும் அழுதே விட்டேன்.

மறுநாளே சகாதேவன் வந்து நின்றார், புதுக் கம்பெனியின் கடிதத்தோடு. பூட்டில்லாத நகலைத் திருப்பித் தர வேண்டுமாம்.

பத்திரத்தை எடுத்து நீட்டினேன். இரண்டு தரம் படித்தார்.

"அவங்களையும் சேர்த்துக் கட்டிப்போட்டுட்டீங்களேம்மா! ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிடறேன்."

கிளம்புவார் என்று பார்த்தால் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு அடிச்சுக் குடுக்கணுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பழைய ஆளுங்க யாரையும் வேலையை விட்டு எடுக்கமாட்டோம்னு புது மொதலாளி வாயாலதான் சொல்லியிருக்காரு."

நோட்டீஸ் வேலையை ஓரங்கட்டிவிட்டு, அவர் பெயரை முதல் வரியில் அடித்தேன்.