மானுக்கு வைத்த மருந்து

மருந்துக்கடைக்காரர் வாயில் பிரஷ்ஷோடு பின்வாசல் கதவைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார். நேற்று மாலை வரை முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நின்ற பீன்ஸ் வரிசையில் இன்று வெறும் குச்சிகள்தான் இருந்தன. ரோஜாச் செடிகளில் மொட்டும் இல்லை, இலையும் இல்லை. புதிதாகப் போட்ட புல்தரை முழுக்கக் குளம்புத் தடங்கள். மான் தின்றதோடு விட்டதா என்றால் அதுவும் இல்லை, நடைபாதைக் கல்லின் மேல் மாத்திரை மாத்திரையாகப் புழுக்கை வேறு போட்டுவிட்டுப் போயிருந்தது.

முப்பது வருடம் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஆறடி இடத்தில் நின்று பிழைத்த மனிதர் அவர். கொஞ்சம் மண் வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் குடியிருப்பின் கடைசி வரிசையில், மலைச்சரிவை ஒட்டிய இந்த வீட்டை வாங்கினார். கல் பொறுக்கி, மேடு வெட்டி, பாதை போட்டு, ஒரு வருடம் நாக்குத் தள்ள உழைத்து உண்டாக்கிய தோட்டம். அதை மான்கள் பத்து நாளில் மூன்று தடவை மேய்ந்துவிட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

போன வாரம் அவர் கொடுத்த புகாரின் பேரில் வனக்காவலர் வந்து பார்த்தார். சேறு ஒட்டிய பூட்ஸோடு தோட்டத்தைச் சுற்றி வந்த அந்தப் பெண், மதில் இருக்கிற இடம்தான் மான்கள் குளத்துக்கு இறங்கும் தடம் என்றார். இந்தக் கோடையில் மேலே புல் கருகிவிட்டது, பசி தாங்காமல் பகலிலேயே இறங்குகின்றன என்றார். பீன்ஸைச் சுற்றி உயரமாக வலை கட்டுங்கள், மதிலோரம் துளசி, புதினா, எலுமிச்சைப்புல் மாதிரி வாசனை தூக்கலான செடிகளை வையுங்கள், ஓரத்தில் மூன்றடி வழிவிட்டு ஒரு தொட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். மருந்துக்கடைக்காரருக்குச் சிரிப்புத்தான் வந்தது. திருடனுக்குக் கதவைத் திறந்துவைத்துத் தண்ணீரும் கொடுக்கச் சொல்கிறாளே என்று அந்தப் பெண் போன பிறகு மனைவியிடம் கிண்டலடித்தார்.

அவருடைய அக்காவோ வேறு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட அக்காவுக்கு, தினமும் பதினொரு மணி வாக்கில் வரும் ஒரு புள்ளிமான் சிநேகமாகிவிட்டது. முன்னங்கால் புண்ணோடு நொண்டி நொண்டி வரும் அதற்குக் கேரட், முட்டைக்கோஸ் என்று சமையலறையில் அகப்பட்டதை எல்லாம் போடுவார். "அதுக்கு ஏதாவது மருந்து வையேன்டா தம்பி" என்று மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் கேட்டபடி இருந்தார். தம்பி காதில் வாங்கினால்தானே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரருக்கு ஐந்து வயதில் தாய் போனபோது அக்காவுக்குப் பதினைந்து. தான் ஒரு வாய் சுவைத்துப் பார்க்காமல் தம்பிக்கு எதையும் ஊட்டியதில்லை. அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை. மானுக்குப் போடும் கேரட்டைக்கூட ஓரத்தில் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

அன்று காலை மருந்துக்கடைக்காரர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. முந்தின நாள் பூச்சிமருந்துக் கடையில் வாங்கிவந்த பொடியை எடுத்தார். சர்க்கரைவள்ளிக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கி, அதில் தடவி, ஒரு வாளியில் போட்டுப் பின்கேட்டருகே வைத்தார். அக்கா நேற்றிலிருந்து போட்டுக்கொள்ளும் புது மாத்திரையைப் பத்தரைக்குப் போட்டுப் படுத்தால் எழுந்திருக்க மதியம் ஒரு மணியாகும், அதற்குள் காரியம் முடிந்துவிடும், மதியம் வந்து நாமே உடலை அப்புறப்படுத்திவிடலாம் என்பது அவருடைய கணக்கு. ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னார்.

"பின்கேட் பக்கத்துல வாளில மானுக்கு மருந்து வச்சிருக்கேன். நீ கை வைக்காதே."

நாள் முழுக்க மருந்து மருந்து என்றே புழங்கும் வாய். நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. எந்த மருந்து என்று கடையில் ஒவ்வொரு உறையிலும் எழுதிக் கொடுக்கிறவர், வீட்டில் மட்டும் எழுதாமலும் விளக்காமலும் விட்டார்.

பதினொன்றேகாலுக்குக் கடையில் போன் அடித்தது. ஒருவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டே தோளில் இடுக்கிப் பேசினார். அக்காதான்.

"தம்பி, நான் கேட்டதை நீ காதுலயே வாங்கலைன்னு நினைச்சேன்டா. கிழங்குல கலந்து மானுக்கு மருந்து வச்சிருக்கியாமே, உன் பொண்டாட்டி சொல்லிட்டுப் போனா. அதான் தூங்காம உட்கார்ந்திருக்கேன். அது வந்துடுச்சு, நானே என் கையால கொடுத்துடறேன். உனக்கு நல்ல மனசுடா."

தான் பேசவேண்டியதைப் பேசி முடித்ததும் போனை வைத்துவிடுவது அக்காவின் வழக்கம். அவர் "அக்கா" என்று வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

மாத்திரை அட்டை கையிலிருந்து விழுந்தது. திரும்பக் கூப்பிட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போயிருப்பார் அக்கா. மனைவி வகுப்பில் இருந்தால் எடுக்கமாட்டார். பக்கத்து மனை காலி. மருந்துக்கடைக்காரர் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

கிழங்கு சர்க்கரைக்காரிக்கு ஆகாது, தொடவே கூடாது என்று எத்தனை தடவை அக்காவிடம் கண்டித்திருக்கிறோம், தொடமாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போன வாரம்தான் அக்கா ஒளித்துவைத்துக் கேக் தின்றதைக் கையும் களவுமாகப் பிடித்தது உடனே ஞாபகம் வந்தது. ஒரு கடி போதுமே. அந்தப் பொடியில் எவ்வளவு போனால் என்ன ஆகும் என்று அந்தத் தெருவில் அவரைவிடத் தெரிந்தவர் யார்?

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று ஆடி அசைந்து வந்தது. பெட்டிகள் முடிகிற வழியாக இல்லை. ஒரு வாய் பாலைக்கூட ஊதி, உதட்டில் வைத்துப் பார்த்து ஊட்டினவளுக்கு என் கையாலேயே வைத்துவிட்டேனே என்று வாய்விட்டே சொன்னார். பக்கத்தில் பைக்கில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

கேட் திறந்ததும் எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் ஓடிப் பின்பக்கம் திரும்பினார்.

அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் வாளி. பத்தடி தள்ளி அந்த நொண்டி மான், மூக்கை நீட்டுவதும் முன்காலைத் தரையில் தட்டிப் பின்வாங்குவதுமாக நின்றது. அக்கா ஒரு வில்லையை எடுத்து, "பயப்படாதே, இங்கே பாரு" என்று மானிடம் சொல்லிக்கொண்டே தன் வாயருகே கொண்டுபோனார்.

தம்பி பாய்ந்துபோய்க் கையைத் தட்டிவிட்டார். வில்லை பறந்தது, வாளி உருண்டது, மான் துள்ளிச் சரிவில் மறைந்தது.

"கடிச்சியா? நாக்குல பட்டுச்சா? சொல்லுக்கா."

"இல்லைடா. நீதானே கிழங்கு ஆகாதுன்னே, அதான் முதல்ல கடிக்கலை. அது மோந்து மோந்து பார்த்துட்டு ஒதுங்குச்சு. சரி, ஒரு வாய் தின்னு காட்டுவோம்னு..."

அவர் அக்காவைக் குழாயடிக்கு நடத்திப்போய்ச் சோப்புப் போட்டு அந்தக் கைகளைக் கழுவினார். மறுபடி கழுவினார். மூன்றாம் தடவை கழுவும்போது அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"அது என்ன மருந்துடா?"

மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அக்கா ஈரக் கைகளைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"மானு மோந்து பார்த்து ஒதுங்கிடுச்சு. நான் மோந்துகூடப் பார்க்கலை. ஏன்னா வச்சது நீ. விஷத்துக்கு மான் எது, மனுஷன் எதுன்னு தெரியாதுடா. வைக்கிறவனுக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

அந்த வார்த்தை அவர் நெஞ்சில் தைத்தது. அக்காவை மருத்துவரிடம் காட்டி, ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு வந்தார். மாலையில் வனக்காவலருக்கு அவரே போன் செய்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பெண் வந்து வாளியோடு வில்லைகளை எடுத்துப்போனார், நடந்ததை எழுதிக் கையெழுத்தும் வாங்கினார், ஒரு பாட்டம் திட்டவும் செய்தார். நாலு நாள் கழித்துக் கால்நடை மருத்துவரை அழைத்துவந்து நொண்டி மானின் புண்ணுக்குக் கட்டுப் போட்டதும் அதே பெண்தான். அன்று அக்காவும் தம்பியும் சமையலறை ஜன்னல் வழியாக மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தோட்டம் இப்போது வேறு மாதிரி இருக்கிறது. பீன்ஸைச் சுற்றி எட்டடி வலை. ரோஜா இருந்த மதிலோரம் துளசியும் புதினாவும் எலுமிச்சைப்புல்லும். ஓரத்தில் மூன்றடி வழி, அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி. இதோடு எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. போன மாதம்கூட ஆசையாய் வைத்த செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டன. மருந்துக்கடைக்காரர் மானின் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டு, அதைப் பிடுங்கி வலைக்குள் நட்டார்.

நேற்று கடைசி வரிசையில் புதிதாகக் குடிவந்த ஒருவர் கடைக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, மான் தொல்லைக்கு ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் எண்ணிக்கொண்டிருந்த மாத்திரையைக் கீழே வைத்தார்.

"பசிச்சு வர்ற உயிருக்கு விஷம் வைக்காதீங்க. வைக்கிறதுதான் உங்க கையில இருக்கு. அதை யாரு எடுத்து வாயில வைப்பாங்கங்கிறது உங்க கையில இல்லை. என் வீட்டுல எங்க அக்கா எடுத்தாங்க."