ஒரே பெட்டிக்குள்

அண்ணன் வந்து சேர்ந்த முதல் வாரமே வீட்டிலிருந்த எல்லாக் கதவுகளையும் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டான். பீரோ, சமையலறை அலமாரி, குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த சின்ன மாடம், எதையும் விடவில்லை. திறப்பான், எட்டிப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான்.

"எவ்வளவு இடம் வீணாப் போகுது பாரு" என்பான், யாரிடம் என்றில்லாமல்.

பெரிய கிடங்கு ஒன்றில் வெகு காலம் மேலாளராக இருந்தவன். கிடங்கை மூடிவிட்டார்கள். வேறு ஊரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்துவிட்டான். அடுக்குமாடியின் மேல்தளத்தில் இரண்டு படுக்கையறை உள்ள வீடு. அப்பா இரண்டு பிள்ளைகள் பேரிலும் பொதுவாக எழுதி வைத்துப் போனது. அதுவரை அதில் இருந்தவர்கள் அம்மாவும் தங்கையும்தான்.

தங்கை நகரப் பேருந்து ஓட்டுபவள். டிப்போவில் எல்லோருக்கும் அவள் டிரைவரக்கா. வீட்டில் மட்டும், நாற்பதைத் தாண்டிய பிறகும், குட்டி. காலை ஷிப்ட் முடிந்தால் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடுவாள். வேலையில் பொழுதுக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருக்கும். ஏரிக்கரையில் முதுகுக்குப் பின்னால் யாரும் கிடையாது. அதற்காகத்தான் போனாள். மீன் கிடைத்தால் கூடுதல் சந்தோஷம், அவ்வளவுதான்.

அவள் அறையில் ஒரு சுவர் முழுக்கத் தூண்டில் சாமான்தான். கழிகள் ஆணியில் சாய்ந்து நிற்கும். கீழே தங்கூஸ் நரம்புச் சுருள்கள், ஈயக்குண்டுகள், மிதவைகள். ஜன்னல் கம்பியில் வரிசையாக மீனைக் கவரும் பொய்மீன்கள் தொங்கும். பிளாஸ்டிக்கில், தகரத்தில், பஞ்சு போல மெத்தென்ற ரப்பரில். சிலதை அவளே மரத்தில் செதுக்கி, நகப்பூச்சால் செதில் வரைந்து, வயிற்றில் தூண்டில் முள் மாட்டியிருந்தாள். காற்றடித்தால் எல்லாம் ஆடி ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடும்.

அண்ணன் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றான்.

"குட்டி, இது ரூமா, கடையா?"

"என் ரூம்."

"ஒரு செவுரே போகுதே. ஒழுங்கா அடுக்கினா இதெல்லாம் ஒரு மூலைக்குள்ள அடங்கிடும்."

அதற்குள் சமையலறையை அவன் அடுக்கி முடித்திருந்தான். டப்பா எல்லாவற்றிலும் காகிதம் ஒட்டியிருந்தது. அம்மாவுக்குக் கண்ணாடி போடாமல் படிக்க வராது. உப்பு என்று நினைத்துச் சர்க்கரையை அள்ளிப் போட்டு ஒரு நாள் குழம்பே பாழாய்ப்போயிற்று. அதற்கும் அம்மா, "விடுடி, வேலை போன மனுஷன். ஏதாவது செஞ்சுட்டு இருந்தாத்தான் அவனுக்கு மனசு ஆறும்" என்றாள்.

அம்மாவுக்காகத்தான் அடுத்த விடுமுறை நாளில் குட்டி உட்கார்ந்தாள். செய்வதென்று ஆனபின் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. ஜூஸ் உறிஞ்சும் குழாய்களைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு துண்டை உறையாக மாட்டினாள். இனி ஒன்றோடொன்று சிக்காது. அம்மா தூக்கிப் போட இருந்த மாத்திரை டப்பாவின் அறைகளில் ஈயக்குண்டுகளை அளவுவாரியாகப் போட்டாள். நரம்பை ஸ்பாஞ்சுத் துண்டுகளில் சுற்றினாள். இரைக்கான ரப்பர் புழுக்களை மட்டும் அவை வந்த பைகளிலேயே விட்டு, தனியாக ஒரு பெட்டியில் வைத்தாள். கழிகளை ஒன்றாகக் கட்டிக் கதவு மூலையில் நிறுத்தினாள். சாயங்காலத்துக்குள் ஒரு சுவர் முழுக்க இருந்தது மூன்று தட்டைப் பெட்டிகளாகிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா! மனசு வெச்சா முடியுதுல்ல?"

"அண்ணா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. இந்த ரப்பர் பெட்டியை மத்ததோட கலக்கக் கூடாது. மத்த பிளாஸ்டிக்கோட ஒட்டிக் கிடந்தா, சூடு பட்டதும் ரெண்டும் சேந்து உருகிடும்."

"சரி சரி" என்றான். அவன் கண் காலியான சுவரை அளந்துகொண்டிருந்தது.

அந்த வாரமே பேச்சு ஆரம்பித்தது. உன் சாமான் இவ்வளவுதானே, நீ அம்மா ரூமுக்கு மாறிக்கொண்டால் என்ன, நாங்கள் இரண்டு பேர் எத்தனை நாள் ஹாலில் படுப்பது. கேட்பது போலத்தான் பேசினான். ஆனால் அவள் வேலையிலிருந்து வருவதற்குள் அவள் கட்டில் அம்மா அறைக்குப் போயிருந்தது. குட்டி கதவருகே நின்றாள், தோளில் இன்னும் டிப்போ பை. காது மடல் சூடேறியது. வாயைத் திறக்கப் போனாள். அம்மா பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"விட்டுக் குடுடி. கொஞ்ச நாள்தானே."

விட்டுக் கொடுத்தாள். பிறகு பீரோவில் பாதி போயிற்று. பிறகு செருப்பு வைக்கும் இடம். ஏரிக்குப் போகும் கழிகள் பால்கனி மேலிருந்த பரணுக்குப் போயின. ஒவ்வொரு முறையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் அண்ணன், "பரவால்லயே, இன்னும் இடம் இருக்கே" என்றான். அண்ணி ஒன்றும் பேசமாட்டாள். வந்த நாளிலிருந்தே யார் வீட்டிலோ தங்கியிருப்பவள் போல ஓரமாகவே நடப்பாள்.

கோடை வந்தது. டிப்போவில் ஆள் பற்றாக்குறை. குட்டிக்கு இரட்டை ஷிப்ட். ஏரிப் பக்கமே தலைகாட்ட முடியவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் ஓய்வு கிடைத்தது. வந்ததும் வராததுமாகக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். வெறும் தரை. மூன்று பெட்டிகளையும் காணோம். அங்கே அண்ணனின் பழைய கிடங்குக் கோப்புகள் அடுக்கியிருந்தன.

"அண்ணா, என் பெட்டிங்க எங்க?"

"பரண்ல. மூணை ஒண்ணாக்கிட்டேன். உள்ளே நிறைய காத்துதான் இருந்துச்சு" என்றான் ஹாலில் சாப்பிட்டுக்கொண்டே, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பால்கனிப் பரணுக்கு மேலே தகரக் கூரை. கையை வைத்தால் சுட்டது. உள்ளிருந்து ஒரே ஒரு பெட்டியை இழுத்தாள். மூடி திறக்கவில்லை. கத்தியை விட்டு நெம்பியதும் உருகிய ரப்பர் நாற்றம் முகத்தில் அடித்தது.

உள்ளே மீன் என்று ஒன்றுமில்லை. ரப்பர் புழுக்கள் உருகிப் பச்சையும் சிவப்புமாகக் கோந்து போலப் பரவியிருந்தன. அதில் பிளாஸ்டிக் மீன்கள் பாதி கரைந்து, கண்ணும் வாயும் இழுபட்டுக் கிடந்தன. குழாய் உறைகளைக் கழற்றி எறிந்திருக்கிறான், இடம் அடைக்கிறதென்று. முள்ளெல்லாம் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஒரே பந்தாக இருந்தது. அவள் செதுக்கிய மரமீன்களின் சாயத்தைக் கோந்து தின்றிருந்தது. ஒன்றைப் பிய்க்கப் போனாள். முள் கட்டைவிரலில் ஏறியது. பிடுங்கினாள். வலி தெரியவில்லை.

பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையின் நடுவில் படீரென்று வைத்தாள். தண்ணீர் டம்ளர் சாய்ந்து உருண்டது.

"என்னது இது?" என்றாள் அம்மா.

"உங்க பையனைக் கேளுங்க."

அண்ணன் எட்டிப் பார்த்தான். ஒரு கணம் அவன் முகம் மாறியது. உடனே சரிசெய்துகொண்டான். "அடடா. வெயில்ல உருகிடுச்சு போல. சரி விடு, விளையாட்டுச் சாமான்தானே. புதுசு வாங்கிக்கலாம்."

"கலக்காதன்னு சொன்னேனா இல்லையா?"

"எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்க முடியுமா? நான் இந்த வீட்டுக்கு நல்லதுதானே பண்றேன். நீயே பாரு, எவ்வளவு இடம் மிச்சமாயிருக்கு."

"யாருக்கு மிச்சமாச்சு?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. பேருந்தில் குடித்துவிட்டு ஏறுபவனிடம்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. "செவுரு போச்சு. ரூம் போச்சு. பீரோ போச்சு. கட்டிலுக்கு அடியில மூணு பெட்டி வெச்சிருந்தேன், அதுவும் உனக்குக் கண்ணுல குத்துது. நான் எவ்வளவு மடங்கினாலும் நீ இன்னொரு மடிப்பு மடிக்கிற. கடைசியில என்ன பண்ணலாம்னு இருக்க? என்னையும் ஒரு டப்பாவுல போட்டு மேல காகிதம் ஒட்டிடுவியா?"

"குட்டி, மரியாதையாப் பேசு."

"குட்டின்னு கூப்பிடாத! பஸ்ஸு முழுக்க ஜனத்தை ஏத்திட்டு ஊரைச் சுத்தி வர்றேன். இந்த வீட்டுல எனக்கு ஒரு ஆணி அடிக்க இடமில்ல. உனக்குக் கிடங்கு போச்சுன்னா, எங்க வீட்டைக் கிடங்காக்குவியா?"

"ஏய்," என்று அம்மா எழுந்தாள். "அவன் ஏற்கெனவே நொந்துபோயிருக்கான். விட்டுக் குடு…"

"அம்மா, நீ பேசாத." அவள் அம்மா பக்கம் திரும்பினாள். அதுவரை அவளுக்குள் கொதித்ததெல்லாம் ஒன்றுமேயில்லை என்பது போல இப்போது கோபம் வந்தது. "அவன் கண்ணுல தூசி விழுந்தா உனக்கு வலிக்குது. நான் இத்தனை வருஷமா உன் பக்கத்துலயே இருக்கேன். எனக்கு என்னிக்காவது வலிக்கும்னு நெனச்சிருக்கியா? விட்டுக் குடு, விட்டுக் குடுன்னு சொல்றதைத் தவிர எங்கிட்ட நீ என்ன பேசியிருக்க? அதை ஒரு தடவை அவன்கிட்ட சொல்லிப் பாரேன்."

சாய்ந்த டம்ளரிலிருந்து தண்ணீர் மேஜை விளிம்பில் சொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

அப்போது அண்ணி பேசினாள். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"என் தையல் மெஷினும் அந்தப் பரண்லதான் இருக்கு. கழட்டித் தனித்தனியாக் கட்டி வெச்சிருக்காரு. ஸ்க்ரூ எல்லாம் எங்க போச்சுன்னு அவருக்கே தெரியாது."

"நீ வேற ஆரம்பிக்காத" என்றான் அண்ணன்.

"நான் ஆரம்பிக்கல. இன்னிக்குத்தான் வாயே திறக்கறேன்." அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். "கட்டிலை மாத்தணும்னா சொல்லுங்க. ஒரு பக்கம் நான் தூக்கறேன்."

குட்டி அவளை நம்பாமல் பார்த்தாள். பிறகு தன் பழைய அறைப் பக்கம் போனாள். அண்ணி பின்னாலேயே போனாள். அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு, "இது என் வீடும்தான், ஞாபகமிருக்கட்டும்" என்றான்.

"ஆமா, உன் வீடும்தான். அதனாலதான் ஹால்ல இருக்கச் சொல்றேன். எனக்கு மட்டும்னு இருந்திருந்தா வெளியில போகச் சொல்லியிருப்பேன். நகரு."

அவன் நகர்ந்தான். இரண்டு பெண்களும் அம்மா அறையிலிருந்து கட்டிலை இழுத்த இழுப்பில் தரை கிறீச்சிட்டது. கீழ்வீட்டுக்காரர் கூரையைக் கம்பால் தட்டினார். அவர்கள் நிறுத்தவில்லை. கோப்புகள் ஹாலுக்குப் போயின, அண்ணனின் துணிகள் போயின. அண்ணி தன் தலையணையை எடுத்து அம்மாவின் அறையில் போட்டாள். அண்ணன் சோபாவில் உட்கார்ந்து, சத்தமில்லாத டிவியையே வெறித்தான்.

அன்று குட்டி ஏரிக்குப் போகவில்லை. தூண்டிலில் மாட்ட ஒன்றும் மிச்சமில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அம்மாவோடு பேசவில்லை. அம்மா தட்டை வைப்பாள், அவள் சாப்பிடுவாள். எழுந்து போய்விடுவாள். ஒரு காலையில் அவள் கிளம்பும்போது அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "தப்புதான்டி" என்றாள். குட்டி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

வாரக் கடைசியில் அவள் வந்தபோது அண்ணன் பால்கனியில் குந்தியிருந்தான். முன்னால் அந்தப் பெட்டி. பக்கத்தில் சமையல் எண்ணெய், பழந்துணி, குறடு. முள்பந்தை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்திருந்தான். விரல்களில் பிளாஸ்திரி. மரமீன்களை எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, மிச்சமிருந்த செதிலும் போய் வெறும் கட்டையாக்கியிருந்தான். காகிதத்தின் மேல் அவற்றை அளவுவாரியாக வரிசையில் வைத்திருந்தான். அந்த வரிசையைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

"சுத்தம் பண்ணிட்டேன்" என்றான்.

"நான் கேட்டேனா?"

இடம், வீடு, நல்லது என்று ஏதோ அவன் வாய் வரைக்கும் வந்திருக்க வேண்டும். உதடு அசைந்தது. பிறகு துணியைக் கீழே வைத்தான்.

"கேக்கல" என்றான். "நானும் உங்கிட்ட கேக்கல. எதையுமே."

அவள் கட்டைகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். அவன் வைத்த வரிசை கலைந்தது. அவன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் குறையவில்லை, குறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"அண்ணியோட ஸ்க்ரூவைத் தேடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.