உள்பக்கம் திருப்பி மாட்டிய டயர்கள்

சனிக்கிழமை காலை நல்ல மழை. அப்பாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகும் வழியில், ஒரு சாதாரண வளைவில் அவளுடைய கார் பம்பரம் மாதிரி சுழன்று நடுத்திட்டில் மோதி நின்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, இருபத்து மூன்று வயதான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அப்பாவின் கையையும் அவளேதான் படமெடுத்தாள். திரையில் எலும்பு இரண்டாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா இடது கையில் போனை எடுத்தார். சொந்தக்காரர் ஒருவரையும் விடவில்லை. அத்தையிடம்தான் அதிகம் பேசினார்.

"ரேஸ் ஓட்டுறதா நினைப்பு அவளுக்கு. நல்லவேளை, உயிரோட வந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் தலையாட்டினான். "நான் அப்பவே சொன்னேன்ப்பா, இவளுக்கு எதுக்கு இந்த வண்டின்னு."

தப்பு தன்னுடையதுதான் என்று அவளே நம்பியிருந்தாள்.

திங்கட்கிழமை ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"டயர் எப்போ மாத்தினீங்க?"

"போன வருஷம். எங்க அண்ணன்தான் அவன் ஃப்ரெண்டு கடையில மாத்திட்டு வந்தான். நாலும் புதுசு."

"புதுசா? இங்க வந்து பாருங்க."

காருக்கு அடியில் குனிந்து, டயரின் உள்பக்கத்தில் டார்ச் அடித்தார். ரப்பரில் நான்கு எண்கள் பொறித்திருந்தன. "முதல் ரெண்டும் எந்த வாரம்னு. கடைசி ரெண்டும் எந்த வருஷம்னு. இது தயாரான தேதி."

அவள் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு வருடம்.

"மேல இருக்கிற பட்டன் வெட்டு ஆழமாத்தான் இருக்கு, ஏமாந்துடாதீங்க. குடோன்லயே கிடந்து காஞ்ச சரக்கு. நகத்தால அழுத்துங்க."

அழுத்தினாள். நகம்தான் வலித்தது. பள்ளங்களுக்குள் முடி போல மெல்லிய வெடிப்புகள்.

"ஈரத்துல இது எங்க பிடிக்கும்? யாரு ஓட்டியிருந்தாலும் சுத்தியிருக்கும்."

"தேதி ஏன் உள்பக்கம் இருக்கு?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு ரெண்டு அப்படி அமையலாம். நாலும் உள்ள திரும்பியிருந்தா, வேணும்னே மாட்டினதுதான்."

மாலையில் காரணம் சொல்லாமல் அண்ணனை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனாள்.

"வாடா மாப்ள!" என்று கடைக்காரர் அண்ணனின் தோளில் தட்டினார். "தங்கச்சி வண்டியை இடிச்சிடுச்சாமே?"

"போன வருஷமே அது பதினோரு வருஷப் பழசு, புதுசுன்னு மாட்டியிருக்கீங்க," என்றாள் அவள்.

அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "டயர் என்ன பாலா, கெட்டுப்போக? ஏன்டா, பழைய ஸ்டாக்னு உங்கிட்ட சொல்லித்தானே மாட்டினேன்? நீதானே, அவ வாரத்துக்கு ஒரு நாள்தான் எடுப்பா, சும்மா போடுன்ன."

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"அந்த சைஸ் எங்கயும் கிடைக்கல," என்றான் தரையைப் பார்த்தபடி. "அதுக்காக ஊரெல்லாம் அலைய முடியுமா?"

"முடியலைன்னா என்கிட்ட சொல்லியிருக்கணும். நான் அலைஞ்சிருப்பேன். புதுசுன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னியே! அப்பா கை உடைஞ்சு கிடக்கும்போதும் பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டினியே!"

"கத்தாத. எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்!"

காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களிடமும் அவள் எண்களைப் படிக்கும் விதத்தைச் சொல்லிவிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினாள். அவர்கள் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

பிறகு அவளே கடை கடையாக ஏறினாள். ஒருவர் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு போடலாம் என்றார். அந்தக் காருக்குப் பின்சக்கரம் அகலமாக இருக்க வேண்டும், மாட்டேன் என்றாள். இன்னொருவர் ரேஸ் டயரைக் காட்டி, "பார்க்கவே கெத்தா இருக்கும்," என்றார்.

"மழையில எப்படி இருக்கும்?"

"மழைக்கு ஆகாது," என்று அவர் அதைத் திரும்ப அடுக்கினார். மூன்றாவது கடையில் மழைக்கென்றே ஆழமான தண்ணீர்க் கால்வாய்கள் வெட்டிய டயர் இருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் சரியான அளவை வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். காத்திருந்தாள். வந்ததும் ஒவ்வொன்றின் தேதியையும் குனிந்து படித்தாள். ஒரு டயர் மட்டும் நான்கு வருடம் பழையது. அதைத் திருப்பி அனுப்பி, வேறு வந்த பிறகே மாட்டச் சொன்னாள்.

நான்கும் மாட்டிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் தானாகவே வீட்டில் சொல்வான் என்று அதுவரை பொறுத்திருந்தாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

அவன் மென்று விழுங்கிச் சொன்னான். பாதியை விட்டுவிட்டான்; அதை அவள் சேர்த்துச் சொன்னாள். அப்பா இடது கையிலிருந்த கரண்டியைத் தட்டில் போட்டார். அண்ணனை முறைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"சரி விடும்மா. நடந்தது நடந்துபோச்சு."

"விட மாட்டேன்ப்பா."

அத்தையின் எண்ணை அழுத்தி, போனை அவர் முன்னால் வைத்தாள்.

"யார் யார்கிட்ட என்னைப் பத்திச் சொன்னீங்களோ, அத்தனை பேர்கிட்டயும் இப்போ சொல்லுங்க. அத்தையில ஆரம்பிங்க."

மறுமுனையில் அத்தை 'ஹலோ' என்றாள். அப்பா தொண்டையைச் செருமினார்.