ஆந்தைக்கும் வாத்துக்கும் ஒரே பேன்

ஆந்தையும் வாத்தும் நெருங்கிய சொந்தம் என்று நான் கண்டுபிடித்தது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. பதினொன்றரைக்கு ஆய்வகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டுக்கு அக்காவுக்குப் போன் செய்து, "அத்தான் கடையில எனக்குன்னு போட்ட நாற்காலிய எடுத்துரச் சொல்லு" என்றேன்.

அத்தானுக்குக் குழாய்க் கடை. எனக்கு விலங்கியல் முதுகலை. போன வருடம் என் ஆய்வேடு தேறாமல் திரும்பி வந்தது. இந்த முறையும் ஊற்றிக்கொண்டால் மறுநாளே கடையில் உட்கார்ந்து வால்வு விற்க வேண்டும் என்பது வீட்டுத் தீர்ப்பு. நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் எனக்காகக் காத்திருந்தார் அத்தான்.

ஆய்வு, பேனைப் பற்றி. பறவைப் பேன் பிறப்பது, வளர்வது, சாவது எல்லாம் பறவையின் இறகுக்குள்ளேதான். தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகும். வேற்றினத்துப் பக்கம் பெரும்பாலும் தலைவைத்தும் படுக்காது. ஒரு பறவையினம் இரண்டாகப் பிரிந்தால், பேனும் அந்தந்த வீட்டோடு பிரிந்துபோய்த் தனி இனமாகலாம். ஆகவே பல லட்சம் வருடங்கள் கழித்தும் இரண்டு பறவைகளின் பேன்கள் அண்ணன் தம்பி ஜாடையில் இருந்தால், அந்தப் பறவைகளும் ஒரு காலத்தில் ஒரே குடும்பமோ என்று சந்தேகிக்கலாம். கூடவே குடியிருந்த சாட்சி அல்லவா!

கால்நடை மருத்துவமனையில் அன்று காலை இறந்த ஆந்தை ஒன்றும் வாத்து ஒன்றும் கிடைத்தன. தனித்தனி ஜாடியில் சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, வடிகட்டி, நுண்ணோக்கியில் பார்த்தேன். ஆந்தைப் பேன் வாத்திலும் இருந்தது. அது போதாதென்று இரண்டு ஜாடியிலும் இன்னொரு பேன்: குறுகிய தலை, கொக்கி வைத்த கால்கள். பறவைப் பேன் புத்தகம் எதிலும் அது இல்லை. புதிய இனம்! அதற்கு வழிகாட்டி மேடத்தின் பெயரையே வைப்பதாக முன்னுரையில் எழுதிக் கொடுத்தேன்.

மேடம் படித்தார். முகத்தில் பெருமிதம் எதுவும் தென்படவில்லை.

"என் பேரையா?"

"ஒரு மரியாதைக்கு மேடம்."

"பேனுக்கு."

"புதுப் பேன் மேடம்."

"ரெண்டு பறவையையும் எதுல கொண்டு வந்த?"

எங்கள் ஆய்வகக் கதவில் ஒட்டியிருக்கும் ஒரே சட்டம்: ஒரு பறவைக்கு ஓர் உறை. செத்த உடல் ஆற ஆரம்பித்தால் பேன் சூடு தேடிக் கிளம்பும். பக்கத்தில் எது கிடந்தாலும் ஏறிக்கொள்ளும்.

உண்மை என்னவென்றால், காகித உறை இரண்டும் மழையில் கிழிந்துவிட்டன. வண்டியில் அக்கா மகளின் பள்ளிக்கூடப் பை தொங்கியது. உள்ளே அவளுடைய கம்பளித் தொப்பி. பறவைகளுக்கு அடிபடக் கூடாதே என்று இரண்டையும் அதன்மேல் படுக்கவைத்தேன். இறந்த பறவைக்கு இனி என்ன அடிபடும் என்று அப்போது தோன்றவில்லை.

கண்முன் நாற்காலி வந்து நின்றது.

"தனித்தனி உறையில மேடம்."

மேடம் நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிர்ந்தார். "இங்க வா. பறவைப் பேனுக்குத் தலை அகலம். இதுக்கு இல்ல. இந்தக் கொக்கி முடியப் பிடிக்கிறதுக்கு. ஆந்தைக்கு முடி இருக்கா?"

"இல்ல மேடம்."

"வாத்துக்கு?"

"…இல்ல மேடம்."

"வீட்ல பள்ளிக்கூடம் போற பிள்ளை இருக்கா?"

நான் திருதிருவென்று முழித்தேன்.

பக்கத்து மேசை சீனியர் அக்கா பேனாவை வைத்துவிட்டுத் திரும்பினாள். "டேய், உன் ஆராய்ச்சிப்படி ஆந்தை, வாத்து, உன் மருமக மூணும் ஒரே குடும்பம்டா. மேடம், இவன் முழியப் பாருங்க. ஆந்தை ஜாடை இருக்குதான?"

"ஒரே பை மேடம்" என்றேன். தொப்பி வரைக்கும் சொல்லிவிட்டேன்.

"பேன் பொய் சொல்லல. மூணும் ஒரு இடத்துல இருந்துச்சுன்னு சரியாத்தான் சொல்லியிருக்கு. பொய் சொன்னது நீ" என்றார் மேடம். "பத்து நாள் தரேன். வேற பறவைங்க, ரெண்டு உறை. முதல்ல என் பேர எடு."

இந்த முறை மழைக்குப் பயந்து மூடி போட்ட இரண்டு டப்பாக்களில் கொண்டுவந்தேன். ஆந்தைப் பேன் ஆந்தையில், வாத்துப் பேன் வாத்தில். முடிவுரையில், ஆந்தையும் வாத்தும் நெருங்கிய சொந்தம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று எழுதினேன். அப்படி யாரும் சொல்லியிருக்கவும் இல்லை, என்னைத் தவிர. பள்ளிக்கூடப் பை கதையைப் பின்னிணைப்பாக ஒரு பக்கம் சேர்த்தேன். படிக்கிற மாதிரி இருப்பது அந்த ஒரு பக்கம்தான் என்று சொல்லித் தேர்ச்சி போட்டார் மேடம்.

வீட்டில் விசாரணை வேறு விதமாகப் போனது. "எங்க வம்சத்துலயே பேன் கிடையாது. உங்க பக்கம்தான்" என்றார் அத்தான். அவருக்கு முழு வழுக்கை, சரிபார்க்க வழியில்லை. "மாமா, என் பேன் பாஸாயிடுச்சா?" என்று கேட்டாள் அக்கா மகள்.

கடைக்கு இனி வேண்டாம் என்று நாற்காலி வீட்டுக்கு வந்துசேர்ந்தது. பேன் பார்க்கச் சரியான உயரம் என்றாள் அக்கா. பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, சீப்பும் கையுமாக நின்றாள்.

முதலில் உட்கார்ந்தது நான்தான்.