துண்டு போட்ட காண்ட்ராக்டர்

1
இந்தக் கதையில் பாதி திருட்டு. மேலூர் பஸ்ஸில் ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லிக்கொண்டே வந்தார்; தீர்ப்புக்கு முன்னால் அவர் ஊர் வந்துவிட்டது, இறங்கிவிட்டார். மீதியை நான்தான் கட்டவேண்டும்.

தொடக்கம்: ‘கருங்கல் மலைகளின்மேல் கதிரவன் தன் பொற்கரங்களை…’

வேண்டாம். கதிரவனுக்கு இந்த வழக்கில் வேலையில்லை.

2
வெள்ளைத்துரை கல்குவாரி முதலாளி. வெள்ளைக்கார சர்க்கார் தரும் ராவ்சாகிப் பட்டத்துக்காகக் கலெக்டர் பங்களா வாசலைத் தேய்ப்பவர். அவர் குவாரியில் வெடி வைத்தபோது அழகுமலைக்கு ஒரு கால் போயிற்று. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்பது சட்டம். “அவன் என் தொழிலாளியே இல்லை, தனிக் காண்ட்ராக்டர்” என்று பதில் போட்டார் வெள்ளைத்துரை.

(உளி முதலாளியுடையது. வெடிமருந்து முதலாளியுடையது. வேலைக்குக் கூப்பிடும் காலைச் சங்கும் அவருடையது. கால் மட்டும் காண்ட்ராக்டருடையது.)

3
முதலாளி தரப்புச் சாட்சி கருத்தக்கண்ணன், அதே குவாரியில் கல் உடைப்பவன்; ‘அங்கே நாங்கள் எல்லாருமே காண்ட்ராக்டர்கள்தான்’ என்று சொல்ல வரவழைக்கப்பட்டவன். அங்கே முதலாளி தலை தெரிந்தால் தோள்துண்டு இடுப்புக்கு இறங்கவேண்டும். விசாரணை நாளன்று மட்டும் விலக்கு; முதலாளியே சொல்லிக்கொடுத்தார்:

“துண்டு தோள்லயே கெடக்கட்டும்டா. காண்ட்ராக்டர்னா அப்பத்தேன் நம்புவாக.”

விசாரணைக் காட்சியை நான் முதலில் எழுதியது: முதலாளி நுழைகிறார், பழக்கத்தில் துண்டு தானாக இறங்குகிறது, குட்டு உடைகிறது. அபாரமான நையாண்டி என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அழகுமலையின் மனைவி தங்கப்பொண்ணு நான் எழுதிக்கொண்டிருந்த தாளுக்குள்ளிருந்து தலை நிமிர்ந்தாள். “ஏண்ணே, நாங்க குனிஞ்சுதேன் செயிக்கணுமா? ஒங்களுக்கு அம்புட்டுத்தேன் எழுத வருமா?”

எழுதியதை அடித்துவிட்டேன்.

4
திருத்தியது: நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் விசாரணை. முதலாளி நுழைகிறார். கருத்தக்கண்ணன் அழகுமலைக்குப் பக்கத்தில் பெஞ்சில் இருக்கிறான். துண்டு தோளில். கால்மேல் கால் வேறு.

“எந்திரிக்க மாட்டியாடா?” என்று பல்லைக் கடித்தார் முதலாளி.

“நாந்தான் காண்ட்ராக்டராச்சேய்யா. நீங்கதான சொன்னீக? ஒக்காந்து பாத்தேன், நல்லாத்தேன் இருக்கு.”

நாளை முதல் குவாரியில் வேலை கிடையாது என்று அவனுக்குத் தெரியும். அழகுமலை சிரித்துவிட்டான், கால் போனபிறகு முதல் தடவையாக.

அந்தச் சிரிப்பைத்தான் முதலாளியால் தாங்க முடியவில்லை. “துண்டை எறக்குடா! யாருகிட்ட வேல பாக்குறோம்ங்கிறது மறந்துபோச்சா?”

கமிஷனர் கண்ணாடியைக் கழற்றினார்.

“யாரிடம்?” என்று கேட்டார்.

5
குமாஸ்தா இறங்கியது இங்கேதான்.

முடிவு (அ): நஷ்டஈடு கிடைக்கிறது. முடிவு (ஆ): முதலாளிக்காகச் சென்னையிலிருந்து பெரிய வக்கீல் வருகிறார், சட்டத்தில் ஒரு சந்து கண்டு…

இதோ பேனா, தீர்ப்பை நீங்களே எழுதுங்கள். அந்தத் துண்டில் மட்டும் கை வைக்கவேண்டாம். தங்கப்பொண்ணு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.