கரையோரக் காணி

நகரத்தில் தனியார் வைத்தியசாலைகளும் குளிரூட்டிய கலியாண மண்டபங்களும் வந்த பிறகுதான் குப்பை ஒரு பிரச்சினை என்று நகரசபைக்கு உறைத்தது. அதுவரை சந்தைக்குப் பின்னால், கண்ணில் படாமல் கிடந்தது அது. இப்போது மண்டபத்துச் சாப்பாட்டுப் பெட்டிகளை நாய்கள் பேருந்து நிலையம் வரை இழுத்து வந்து போட்டன.

இதைச் சபையில் விடாமல் பேசியவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி உதயகலா. கேணியடி வட்டாரத்தில் முன்பள்ளி நடத்துகிறவள். கணவன் கோபிசங்கர் வெங்காயச் செய்கைக்காரன். மற்றவள் றஜனி. பரவைக்கடல் ஓரத்தில் நண்டு பிடிக்கும் குடும்பம், முனையடி மாதர் சங்கத்துக்குத் தலைவி. இருவரும் வேறு வேறு கட்சி. பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வந்தவர்கள் என்று ஆண் உறுப்பினர்கள் இருவரையும் ஒரே மாதிரித்தான் பார்த்தார்கள். அதுவே அவர்களைச் சேர்த்து வைத்தது. அடுத்தடுத்த கதிரை, ஒன்றாக மத்தியானச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை கூட்டம் வந்தால் உதயகலாவுக்காக றஜனியும் மரக்கறி கட்டிக்கொண்டு வருவாள்.

வருகிற ஆண்டுக்கு எந்த வேலையை முதலில் செய்வது என்ற பேச்சு வந்தபோது, தவிசாளர் நகரத்தின் வாசலில் வரவேற்பு வளைவு கட்ட வேண்டும் என்றார். பெரும்பாலானோர் தலையாட்டினார்கள். பெண்கள் இருவரும் விடவில்லை. கடை கடையாக, ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து சனத்தைப் பொதுக் கூட்டத்துக்குக் கூட்டி வந்தார்கள். மண்டபம் நிறைந்தது. கதைத்தவர்கள் எல்லோரும் குப்பையைப் பற்றியே கதைத்தார்கள். தரம் பிரித்துக் கொட்டும் நிலையம் ஒன்று அமைப்பதே முதல் வேலை என்று முடிவாயிற்று. அன்று வீட்டுக்குப் போகும்போது உதயகலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதை எங்கே அமைப்பது என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

சபையின் கையில் இரண்டு காணிகள்தான் இருந்தன. ஒன்று கேணியடியில், வெங்காயத் தோட்டங்களை ஒட்டிய மேட்டுக்காணி. மற்றது முனையடியில், மாரியில் கடல் ஏறும் பள்ளம். நிலத்தடிக்குக் குப்பைத் தண்ணீர் இறங்காமல் கொங்கிறீற் போட்டால் மேட்டுக்காணி பரவாயில்லை, பள்ளத்தில் எது போட்டாலும் மாரிக்கு நிற்காது என்று தொழில்நுட்ப அலுவலர் சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி கேணியடிக்கு வந்த அன்றே கோயில் வெளிவீதியில் ஊர் கூடியது. கோயில் நிர்வாகத்தை நடத்துகிற இராசநாயகம் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"பிள்ளை, எங்கடை கிணத்துத் தண்ணியைத்தான் நாங்கள் குடிக்கிறம், இறைக்கிறம். பக்கத்திலை குப்பையைக் கொட்டினால் அது எங்கை இறங்கும்? உம்மை நாங்கள் உதுக்கோ அனுப்பினனாங்கள்?"

"இன்னும் முடிவாகேல்லை, ஐயா."

"முடிவானாப் பிறகு கதைச்சு என்ன பிரயோசனம்?"

வீட்டில் கோபிசங்கர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, "சபை நாலு வருசம். நாங்கள் இந்த ஊரிலைதான் இருக்க வேணும்," என்றான்.

மறுநாள் றஜனி தொலைபேசியில் அழைத்தாள்.

"உதயா, உம்மடை பக்கமும் வேண்டாம், எங்கடை பக்கமும் வேண்டாம். ரெண்டு பேரும் சேர்ந்து நிண்டு, மூண்டாவது காணி ஒண்டு தேடச் சொல்லுவம். இன்னும் கொஞ்சப் பேர் எங்களோடை நிப்பினம். நீர் நிப்பீர்தானே?"

"ஓம், நிப்பன்."

அதைச் சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை.

கூட்டத்தில் தவிசாளர் நேரடியாக விஷயத்துக்கு வந்தார். இந்த வருடத்துக்குள் காணியைத் தீர்மானிக்காவிட்டால் ஒதுக்கிய நிதி திரும்பிப் போய்விடும். ஆகவே பின்போடுகிற கதை வேண்டாம். "ரீச்சர், நீங்கள்தானே இதைத் தொடக்கினனீங்கள். நீங்களே சொல்லுங்கோ."

உதயகலா எழுந்தாள். பார்வையாளர் வரிசையில் இராசநாயகம் இருந்தார். பக்கத்தில் றஜனி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது காணி என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. கேணியடி விவசாய நிலம், நகரத்துக்கே மரக்கறி கொடுக்கிற மண் என்றாள். முனையடியில் வீடுகள் தள்ளித்தான் இருக்கின்றன என்றாள். சபை அமைதியாகக் கேட்டது. அந்த அமைதி அவளைப் பயப்படுத்தியது; அதைக் கலைக்க வேண்டும் போல் இருந்தது. சிரித்தபடி, "கரைப்பக்கச் சனம் எண்டால் மணத்துக்குப் பழகின ஆக்கள்தானே," என்றாள்.

சபை சிரித்தது. தவிசாளரும் சிரித்தார். றஜனி மட்டும் மேசையில் விரித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனையடிக் காணிக்குக் கை தூக்கியவர்களை எண்ணவும் தேவை இருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கேணியடிக் கோயிலில் உதயகலாவுக்குக் காளாஞ்சி கொடுத்து மரியாதை செய்தார்கள். ஊரில் எல்லோரும் சிரித்த முகத்தோடு கதைத்தார்கள். கோபிசங்கர் பல நாளைக்குப் பிறகு அவளோடு சந்தைக்கு வந்தான். வெற்றிலைத் தட்டைக் கையில் வாங்கியபோது அவளுக்குத் தன் சொல்லே காதில் கேட்டது. அந்தச் சொல் அன்று திடீரென்று வந்ததல்ல. சின்ன வயதிலிருந்து வீட்டில், தெருவில் கேட்டுக் கேட்டு உள்ளே கிடந்தது. றஜனியின் நண்டுக் கறியை விரல் சூப்பிச் சாப்பிட்ட நாட்களிலும் அது அங்கேதான் கிடந்திருக்கிறது.

நிலையம் கட்ட முதலே நகரத்துக் குப்பையை முனையடிப் பள்ளத்தில் கொட்டத் தொடங்கினார்கள். கார்த்திகையில் மழை பிடித்தது. கடல் பள்ளத்துக்குள் ஏறி, திரும்பிப் போகும்போது குப்பையையும் கொண்டு போனது. முனையடியில் வலைகளில் நண்டைவிடப் பைகள் அதிகம் ஏறின. நண்டு எடுக்க வரும் வியாபாரி விலையைக் குறைத்தான்; பிறகு வேறு கரைக்குப் போனான். நகரமோ பளிச்சென்று இருந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் பேருந்து நிலையத்தைப் பார்த்துப் பாராட்டினார்கள்.

தை மாதம் உதயகலா புதிய பிரேரணை ஒன்றைக் கொண்டு வந்தாள்: பேருந்து நிலையத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. யாராவது வழிமொழிந்தால்தான் சபை அதை எடுக்கும். ஒருவரும் எழவில்லை. காணி விஷயத்தில் அவளோடு கை தூக்கியவர்கள் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார்கள். தவிசாளர் அடுத்த விடயத்துக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து உதயகலா முனையடிக்குப் போனாள். றஜனி முற்றத்தில் வலையிலிருந்து பைக் கிழிசல்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ," என்றாள். கதிரை கொண்டு வந்து போட்டாள். தேத்தண்ணி கொடுத்து, கோப்பையை மூடப் பீரிசுத் தட்டும் கொடுத்தாள். "மூடி வைச்சுக் குடியுங்கோ. ஈ."

வாங்கோ, குடியுங்கோ. 'நீர்' என்று கூப்பிடும் பழைய நெருக்கம் போய்விட்டிருந்தது.

"றஜனி, நான் அண்டைக்குச் சொன்னபடி நிண்டிருக்க வேணும். ஊர் முழுக்க என்ரை வாயைப் பாத்துக்கொண்டு இருந்தது…"

"காணிக்கு நீங்கள் கை தூக்கினது எனக்கு விளங்கும். எங்கடை சனம் என்னை நெருக்கியிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பனோ என்னவோ. மற்றக் கதையை ஏன் சொன்னனீங்கள்?"

உதயகலா கோப்பையைப் பீரிசால் மூடினாள். "தெரியேல்லை," என்றாள்.

"எனக்குத் தெரியும்." றஜனி வலையை உதறினாள். "கக்கூசுக்கு நான் வழிமொழியிறன். திரும்பக் கொண்டு வாங்கோ. பஸ்சிலை வாற பொம்பிளையள் எங்கடை கோபத்துக்காக அடக்கிக்கொண்டு நிக்கத் தேவையில்லை."

"நன்றி, றஜனி."

"உங்களுக்காக இல்லை எண்டு சொல்லுறன்."

மாசிக் கூட்டத்தில் றஜனி சொன்னபடியே எழுந்து, ஒரு வரியில் வழிமொழிந்துவிட்டு உட்கார்ந்தாள். பிரேரணை நிறைவேறியது. கூட்டம் கலையும்போது உதயகலா அவளைத் தேடினாள். அவள் தவிசாளரின் மேசைக்கு முன்னால் நின்று, அடுத்த மாரிக்கு முன் குப்பைக் காணியைச் சுற்றி ஓர் அணையாவது கட்டித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முதல் வேலையள் நிறையக் கிடக்கு, றஜனி," என்றார் தவிசாளர் கோப்புகளை அடுக்கியபடி. "உதை அடுத்த வருசம் பாப்பம்."