வலிக்காத காலை

திரைச்சீலை தைக்கும் அக்காவுக்கு அன்று காலை எங்கேயுமே வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மற்ற நாளில் தலைமுடியைத் தவிர மிச்சமெல்லாம் வலிக்கும். நோயின் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தாடையும் வலிக்கும். போன தடவை இப்படி ஒரு நல்ல காலை வாய்த்தபோது, உலகத்துச் சன்னல்களுக்கெல்லாம் ஒரே நாளில் சீலை போடுகிற வேகத்தில் தைத்தாள். மறுநாள் படுத்தவள் ஒரு யுகம் எழவில்லை. "இன்னொரு தடவை படுத்தீங்கன்னா மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்று கடை முதலாளியம்மா சொல்லியாயிற்று.

ஆஸ்பத்திரியில் இந்த வலிக்காரர்களுக்கென்றே ஒரு வகுப்பு. அங்கே நர்ஸ் சொல்லியிருந்தார்: "வலிக்காத நாள்தாங்க ஆளைக் கவுக்கும். வலி வர்ற வரைக்கும் ஓட்டாதீங்க. மணி வச்சுக்குங்க, அடிச்சா எந்திரிங்க."

"நல்லா இருக்கும்போது எதுக்கும்மா நிறுத்தணும்?" என்றார் பின்வரிசை மேஸ்திரி.

"நாளைக்கும் நல்லா இருக்கத்தான் அண்ணே."

வகுப்பே சிரித்தது. சிரித்ததில் பாதிப் பேருக்கு விலா பிடித்துக்கொண்டது.

அன்று காலை கடைக்கு வந்த அக்கா, வீட்டிலிருந்து கொண்டுவந்த சமையல் கடிகாரத்தை மணி அடிக்கும்படி திருகி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். துணி வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தச் சுகத்தில் பயம் மறந்த நேரம் பார்த்து மணி அடித்தது. விளிம்பில் ஒரு சாண்தான் பாக்கி.

பக்கத்து மெஷின்காரி எட்டிப் பார்த்தாள். "ஒரு சாணுக்குப் போய் எந்திரிப்பாங்களாக்கா? அம்மா வேற இங்கயே பாக்குறாங்க."

அந்தப் பார்வை முதுகில் ஊசியாக இறங்கியது. தைத்தால் நாளைக்குப் படுக்கை. எழுந்தால் இன்றைக்கே வாசல். மிதியில் கால் தானாக அழுந்தியது. பிடுங்கி எடுத்து எழுந்தாள். முதலாளியம்மா பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் நடந்துட்டு வந்து முடிக்கிறேம்மா. விட்டு விட்டுத் தைச்சாத்தான் நாளைக்கும் வருவேன்."

"வாங்க, பாப்போம்" என்றார் முதலாளியம்மா. சிரிக்கவில்லை.

மறுநாள் கண்ணைத் திறக்கவே பயம். படுத்தபடியே உடம்புக்கு ஆஜர் எடுத்தாள். தோள் வந்திருந்தது. இடுப்பு வந்திருந்தது. முழங்கால் முதல் ஆளாக வந்திருந்தது. ஆனால் எதுவும் கத்தவில்லை, முனகியது. விரலை மடக்கினாள். மடங்கியது.

"எந்திரிப்பியா?" என்றார் கணவர், கதவோரம் நின்று மெதுவாக.

"அந்தக் கடிகாரத்தை எடுத்துக் குடுங்க."

கடையில் தன் மெஷின் முன்னால் வேறு யாரும் உட்காரவில்லை என்று பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள். உட்கார்ந்து கடிகாரத்தைத் திருகினாள்.